வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்

கடிதம் என்னவோ ஒரே பக்கம்தான்.
சம்பளம் ஆயிரத்து நூறு ஸ்வோட்டி கூட.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பதில் வேண்டுமாம்.
இன்று புதன்.

அக்கரைக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.
தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை:
நடுவில் ஒரு கப்பல் திரும்பும் அளவுக்கு பால்டிக் கடல்,
எண்ணெய்ப் படலம், ஒரு அன்னம்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்றால் சிரிப்பு வருகிறது,
அங்கே கிரேன்கள் நிஜமாகவே பச்சை.
எங்களுடையவை நீலம்,
உப்புக் காற்று தின்ற இடமெல்லாம் துரு.

நாற்பத்திரண்டு மீட்டர் உயரம், காலடியில் கண்ணாடி.
குனிந்தே உட்கார்ந்து பதினோரு வருஷம்.
நிமிர்ந்தால்தான் இப்போது கழுத்து வலிக்கிறது.
காலை ஆறிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தால் இறங்க வேண்டும்,
லிஃப்ட் பழுதென்றால் இருநூற்றுப் பன்னிரண்டு படி,
கீழே ஒரு முழுக் கப்பல் காத்துக்கொண்டிருக்கும்
என் சிறுநீருக்காக.
ஆண்கள் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார்கள்.
இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அக்கரையில் அறைக்குள் வேலை.
ஆறு திரை, இரண்டு கைப்பிடி, சுழலும் நாற்காலி.
காற்று அங்கே திரை மூலையில் ஒரு எண்.
கழிப்பறை பதினாலு எட்டில்,
எண்ணிப் பார்த்துச் சொன்னாள் வியோலெத்தா,
போன பிப்ரவரியில் மாறிப் போனவள்.
காப்பியை ஆறுவதற்குள் குடித்துவிட முடிகிறதாம்.
"மற்றபடி?" என்றேன்.
யோசித்தாள்.
"மற்றபடி, பெட்டி பெட்டிதான்."

பிறகு ஏன் இரண்டு ராத்திரியாய்த் தூக்கமில்லை?

ஒல்கியெர்டு ஒரு தாளில் நடுவே கோடு கிழித்தான்,
இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது.
வீட்டுக் கடனை இரண்டு பக்கமும் எழுதினான், பாவம்.
கோட்டின் மேலேயே எழுத வேண்டியது ஒன்றிருந்தது.
அதை அவனிடம் சொன்னதே இல்லை:

மூன்று வருஷம் முன்பு, நவம்பர், மூடுபனி.
நாற்பதடிப் பெட்டியின் ஒரு மூலையை
லாரியின் தலைமேல் இறக்கிவிட்டேன்.
ஓட்டுநர் சிகரெட் பிடிக்கப் போயிருந்தார்.
அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம், ஒரு சிகரெட் நீளம்.
மேற்பார்வையாளர் காயெத்தான்
அறிக்கையில் 'பலத்த காற்று' என்று எழுதினார்.
காற்றடித்தால் மூடுபனி ஏது?
அவருக்கும் தெரியும்.
அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் இரவுப் பணியா, சரி.
லீவை மாற்று என்றால் மாற்றினேன்.
நன்றியா கடனா, பிரித்துப் பார்த்ததில்லை.

வியாழன் ஷிஃப்ட் முடிந்து அவரிடமே போனேன்.
எதையும் மறைக்கவில்லை, தொகை உட்பட.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ பேசினார்.
நாலு நிமிஷம் இருக்கும்.
வெளியே வந்தார், முகமெல்லாம் நல்ல சேதி:
"எண்ணூறு கூட்டிக் கொடுக்கிறார்கள்.
இந்த மாசத்திலிருந்தே."

நாலு நிமிஷம்.
பதினோரு வருஷமாய்
வார்சாவில் கேட்க வேண்டும்,
அடுத்த காலாண்டில் பார்ப்போம்,
உனக்குத் தெரியாததா.
அந்த எண்ணூறு அந்த அறையிலேயே இருந்திருக்கிறது,
தொலைபேசிக்குப் பக்கத்தில்,
நான் வெளியே உட்கார்ந்து
கையுறைக்குக் கையெழுத்துப் போட்ட நாளெல்லாம்.

கோபம் வந்திருந்தால் பழகிய விஷயம்.
வரவில்லை.
பெட்டியின் நாலு பூட்டும் ஒரே சமயம் விடுபடும்போது
கம்பியில் ஒரு துள்ளல் ஏறி வரும்,
கேபினில் இருப்பவளுக்கு இடுப்பில் தெரியும்.
அது தெரிந்தது.
"நன்றி, காயெத்தான்" என்றேன்.
பொய்யில்லை. அந்த மூடுபனிக்கும் சேர்த்துத்தான்.
அவர் நான் இருக்கப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.
திருத்தவில்லை. அது என் கோழைத்தனம்,
வேண்டுமானால் தாளில் எழுதிக்கொள்ளட்டும் ஒல்கியெர்டு.

வெள்ளி, மதியம் இரண்டு பத்து.
கப்பலில் இன்னும் அறுபத்து மூன்று பெட்டி.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
போனில் நாலே வரி அடித்தேன்.
அனுப்பினேன்.

பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து
கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.
வயிறு திகைத்துப்போய்விட்டது.
ரேடியோவை எடுத்து, இறங்குகிறேன் என்றேன்.
"இப்போதா?" என்றது கீழே ஒரு குரல்.
இப்போதுதான்.

படி வழியாகவே இறங்கினேன்.